மூணாவது ஓலை

போன ஞாயித்துக்கிழமை பூசை முடியுற நேரத்துல சின்னச் சாமியார் மைக்கைப் பிடிச்சு பிஷப்போட கடிதம் ஒண்ணை வாசிச்சாரு. பக்கத்துல இருக்கிற ரெண்டு கோயில் பங்கு இனிமே ஒரே பங்கா ஆகப்போவுதாம். எனக்கு முன்னால இருந்த இளவட்டங்க எல்லாம் போனைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நம்ம வயசு ஆளுகதான் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்துக்கிட்டோம். பங்கைச் சேர்க்கிறதுன்னு பேருதான் நல்லா இருக்கு. ஒண்ணைச் சேர்க்கணும்னா ஒண்ணைப் பூட்டணும்லா? அது நமக்குத்தான தெரியும்.

வீட்டுக்கு வந்தா எனக்குச் சோறு இறங்கலை. "என்ன அத்தை, உடம்புக்கு முடியலையா?"ன்னு மருமக கேட்டா. ஒண்ணுமில்லன்னுட்டேன். அவகிட்டச் சொன்னா, "அதெல்லாம் பழைய கதை அத்தை, விடுங்க"ம்பா. உங்ககிட்டச் சொல்லுதேன். நீங்களாவது கடைசி வரைக்கும் கேப்பீங்க.

எனக்கு அப்ப ஒம்பது வயசு. எங்க ஊருக்குக் கோவில்பட்டியில இருந்து கயத்தாறு பஸ்ஸுல ஏறி, விலக்குல இறங்கி, கரிசக்காட்டு வழியா மூணு மைல் நடக்கணும். மழை பெய்ஞ்சுட்டா செருப்பைக் கையில தூக்கிக்கிடணும். இல்லைன்னா மண்ணு செருப்பை வாங்கி வச்சுக்கிட்டுத் தரவே தராது. அந்த ஊர்ல நாப்பது வீட்டுக்காரங்க வேதக்காரங்களா இருந்த காலம் ஒண்ணு இருந்துச்சாம். எனக்கு விவரம் தெரியும்போது பதினோரு வீடுதான். மத்தவங்க எல்லாம் மழை பொய்க்கப் பொய்க்க, மில்லு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும்னு கோவில்பட்டி போய் அங்கனயே தங்கிட்டாவ.

எங்க அப்பா கோயில்பிள்ளை. கோயிலைத் திறக்கணும், மூடணும், மணி அடிக்கணும், சாமியார் இல்லாத நாள்ல ஜெபமாலை சொல்லணும், சாவு விழுந்தா முன்னால நடந்து மந்திரம் படிக்கணும். அப்பா காலையில, மத்தியானம், சாயந்தரம் மூணு வேளையும் மணி அடிப்பாவ. ஆடு மேய்க்கிற சம்சாரிங்க எங்க வேதம் இல்லைன்னாலும், அந்த மணியை வச்சுத்தான் கிடையை எழுப்புவாவ. ஒருநா அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து மணி பிந்திட்டு. கிடைக்காரர் ஒருத்தர் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, "என்ன கோயில்பிள்ளை, இன்னைக்கு சூரியனுக்கு லீவா?"ன்னு கேட்டாரு. அப்பாவுக்கு அது எவ்வளவு பெருமைங்கிறீங்க! ஒரு மாசம் அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாவ.

கோயில் பெருசு. ஆனா கரிசல்ல கட்டின கட்டடத்துக்கு ஆயுசு ஏது? கோடையில மண்ணு பிளக்கும், அதோட சுவரும் பிளக்கும். பொம்பளைங்க பக்கத்துச் சுவத்துல ஒரு விரிசல், என் கை முழங்கை வரைக்கும் உள்ள போவும். உள்ள சில்லுன்னு இருக்கும். பிரசங்கம் நீண்டுட்டா நான் அதுக்குள்ள கையை விட்டுக்கிட்டு இருப்பேன். ஹார்மோனியம் ஒண்ணு இருந்துச்சு, எலி கடிச்சு நாலு கட்டை பாடாது. பெரிய வெள்ளிக்கிழமைக்கு மணிக்குப் பதிலா தட்டுற மரக்கட்டை ஒண்ணு இருந்துச்சு. அந்த ரெண்டும் எங்க போச்சுன்னே தெரியலை. யாராவது பார்த்திருந்தா சொல்லுங்க.

எங்க ஊர்ல தங்கியிருந்த சாமியார் வயசாகி ஓய்வுக்குப் போயிட்டாரு. அதுக்கப்புறம் வேற சாமியார் போடலை. பெரிய ரோட்டு மேல இருந்த பங்குச் சாமியார்தான் ஞாயித்துக்கிழமை மட்டும் மோட்டார் சைக்கிள்ல வந்து பூசை வச்சுட்டுப் போவாரு. அந்த மார்கழியில, கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுவாரம், பிஷப் ஆபீசுல இருந்து ஒரு தாள் வந்துச்சு. ஞானஸ்நானம் எத்தனை, கல்யாணம் எத்தனை, அடக்கம் எத்தனைன்னு எழுதி அனுப்பணும். எங்க ஊர்த்தலைவர் அதைப் பார்த்துட்டு, "நம்ம பங்கை எடுத்து ரோட்டுப் பங்கோட சேர்த்துரப் போறாவ. அதுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம்"ன்னாரு.

பூசை முடிஞ்சு சாமியார் கிளம்பினதும் ஆம்பளைங்க எல்லாம் கோயிலுக்குள்ளயே பாயை விரிச்சுக் கூட்டம் போட்டாவ. நான் தூணுக்குப் பின்னால இருந்தேன். தலைவர் தாளை விரிச்சு வச்சுக்கிட்டுச் சொன்னாரு:

"ஞானஸ்நானம் இருக்கு, அடக்கம் இருக்கு. கல்யாணம் மட்டும் மூணு வருசமா ஒண்ணுகூட இல்ல. கல்யாணம் நடக்காத கோயிலைப் பங்குன்னு எவன் ஒத்துக்கிடுவான்?"

எப்படி நடக்கும்? எங்க வழக்கத்துல மாப்பிள்ளை ஊர்க்கோயில்லதான் தாலி கட்டு. எங்க பயலுக எல்லாம் கோவில்பட்டிக்காரனா ஆயிட்டாங்க, அவங்க கல்யாணம் அங்கன நடக்கும். எங்க பொண்ணுகளுக்கு மாப்பிள்ளை ஊர்ல நடக்கும். எங்க கோயில் ரெண்டுக்கும் நடுவுல சும்மா கிடக்கும்.

"சாம்பல் புதனுக்கு முன்னால இங்கன ஒரு கல்யாணம் நடந்துட்டா போதும்"னாரு தலைவர். சாம்பல் புதன்ல தவசுக்காலம் தொடங்கிட்டா பாஸ்கு வரைக்கும், அதான் ஈஸ்டர் வரைக்கும், கல்யாணம் கிடையாது. "தவசு முடிஞ்சு பிஷப் விசாரணைக்கு வருவாரு. பாருங்க சாமி, எங்க கோயில் உயிரோட இருக்குன்னு காட்டிரலாம்."

"கல்யாணத்துக்குப் பொண்ணு?"ன்னு யாரோ கேட்டாவ.

எங்க அப்பா கையைத் தூக்குனாவ. ஸ்கூல் பிள்ளை மாதிரி. "என் மூத்தவ இருக்கா."

அக்காவுக்குப் பதினெட்டு வயசு. பதினொண்ணாவது பாஸ் பண்ணியிருந்தா. எங்க ஊர்ல அதுவரைக்கும் பொட்டப்பிள்ளை யாரும் அதைத் தாண்டினது கிடையாது. டீச்சர் டிரெய்னிங்குக்குக் கன்னியாஸ்திரிங்க மடத்துல இடம் தாரோம்னு எழுதியிருந்தாவ. அந்தக் கடிதத்தை ஞானப்பாடப் புத்தகத்துக்குள்ள மடிச்சு வச்சிருந்தா. அந்தப் புத்தகத்தை வச்சுத்தான் எனக்குப் பாடம் சொல்லித் தருவா. பாஸ்குவுக்கு எனக்குப் புதுநன்மை, முதல் தடவையா நற்கருணை வாங்கணும். மந்திரம் தப்பாச் சொன்னா தொடையில கிள்ளுவா, சரியாச் சொன்னா அதே இடத்துல தடவி விடுவா.

அப்பா வந்து சொன்னப்ப அக்கா என் பாவாடைக்கு ஓரம் தைச்சுக்கிட்டு இருந்தா.

"தாயி, உன்னால ஒரு ஊருக்கே கோயில் நிலைக்கப் போவுது."

"நான் படிக்கணும்பா."

"படிப்பு எங்க போவுது? இன்னைக்கு இல்லைன்னா நாளைக்குப் படிக்கலாம். கோயில் போனா வருமா?"

அக்கா நூலைப் பல்லால கடிச்சு அத்துட்டு ஊசியைக் குத்தி வச்சா. அம்மா அடுப்படியில இருந்தே, "அழுதா மட்டும் நின்னுரவா போவுது? போய் மூஞ்சியக் கழுவுட்டி"ன்னா. அம்மாவுக்கும் இஷ்டமில்லை. அது எனக்கு இப்ப தெரியுது. அன்னைக்கு அவ மேல எனக்கு அப்படி ஆத்திரம் வந்துச்சு.

அப்பா கெட்டவுக இல்லை. அதைத்தான் உங்களுக்கு எப்படிச் சொல்லன்னு தெரியலை. குடிக்கமாட்டாவ, அடிக்கமாட்டாவ. கெட்டவுகளா இருந்திருந்தா அக்கா சண்டை போட்டிருப்பா. நல்ல மனுசன் கண்ணு கலங்கிக்கிட்டுக் கையைப் பிடிச்சுக் கேட்டா என்னத்தைச் செய்ய? மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

மாப்பிள்ளை கயத்தாறுல லாரிக்குப் பஞ்சர் ஒட்டுற கடை வச்சிருந்தாரு. முதல் சம்சாரம் பிரசவத்துல போயிட்டா, ரெண்டு வயசுல ஒரு பிள்ளை. அக்காவை விடப் பதினஞ்சு வயசு மூப்பு. அவர்தான் பொண்ணு ஊர்ல தாலி கட்டச் சம்மதிச்சாரு. "ரெண்டாந்தாரத்துக்கு எங்க ஊர்ல மேளம் அடிச்சா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். அங்கனயே வச்சிருங்க"ன்னாராம். பாருங்க, எங்க கோயிலுக்கு ஒரு கல்யாணம் வேணும், அவருக்கு ஒளிஞ்சு கட்ட ஒரு கோயில் வேணும். பொருத்தம் பார்த்தது இப்படித்தான்.

தை பிறந்து முதல் ஞாயிறு முதல் ஓலை வாசிச்சாவ. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நிச்சயமாயிருக்கு, யாருக்காவது ஏதாவது தடை தெரிஞ்சா சாமியார்கிட்டச் சொல்லணும், தெரிஞ்சும் மறைக்கிறது பாவம். மூணு ஞாயிறு இதை வாசிக்கணும். இப்ப உங்க வாட்ஸ்அப்புல படம் போட்டு அனுப்புதாங்க, யாரு பார்க்கா? அப்ப அதை வாசிக்கும்போது இருமல் சத்தம்கூட இருக்காது.

எங்க ஊர்ல இன்னொரு கட்டும் உண்டு. தன் ஓலை வாசிக்கிறதைப் பொண்ணு காதால கேக்கப்படாது. கோயிலுக்கு வரக்கூடாது. முதல் ஓலையில இருந்து தாலி ஏறுற வரைக்கும் வாசப்படி தாண்டப்படாது. தண்ணிக்குக்கூட அனுப்பமாட்டாவ. கோயிலை ஒட்டித்தான் எங்களுக்கு விட்டிருந்த வீடு. அடுப்படியில ஒரு சின்ன ஜன்னல், அதுல பார்த்தா கோயில் பக்கச் சுவரு மட்டும்தான் தெரியும். அக்கா அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அங்கனயே நிப்பா. வெளிய கொத்தமல்லிச் செடி பூத்துக் காடு முழுக்க வாசம். எனக்கு இன்னைக்கும் ரசத்துல பச்சை மல்லி கிள்ளிப் போட்டா அந்த ஜன்னல்தான் ஞாபகம் வரும்.

ரெண்டாவது ஓலை வாசிச்ச அன்னைக்கு மத்தியானம் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தா. நான்தான் கேட்டேன்.

"அக்கா, தடைன்னா என்ன?"

"ஏற்கனவே கல்யாணம் ஆயிருந்தா தடை. ரொம்ப நெருங்கின சொந்தம்னா தடை."

"இஷ்டம் இல்லைன்னா?"

அக்கா புத்தகத்தை மூடிட்டா. "அதைவிடப் பெரிய தடை கிடையாதுட்டி. சம்மதம் இல்லாமக் கட்டினா அது கல்யாணமே இல்லை. சாமியாருக்குத் தெரிஞ்சா நிப்பாட்டியே ஆகணும்."

"அப்ப நீ சொல்லுக்கா."

"என்னைத்தான் உள்ள விடமாட்டாவளே." என் கையைப் பிடிச்சா. "நீ சொல்லுதியாட்டி? மூணாவது ஓலை வாசிச்ச உடனே எந்திரிச்சு நில்லு. எங்க அக்காவுக்குச் சம்மதமில்லை சாமின்னு சொன்னாப் போதும். வேற ஒண்ணும் சொல்லவேண்டாம்."

சரின்னுட்டேன். ஒம்பது வயசுல எதுக்குத்தான் சரின்னு சொல்லமாட்டோம்?

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொன்னா கோயிலை மூடிருவாவ, அப்பா செத்தே போவாவன்னு நினைச்சேன். சொல்லலைன்னா பாவம், புதுநன்மை வாங்க முடியாது, அக்காவும் போயிருவா. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவருதான்.

மூணாவது ஞாயிறு வந்துச்சு. சாமியார் பிரசங்கம் முடிச்சுட்டு ஓலையை எடுத்தாரு. அப்பா பக்கவாசல்ல சட்டையெல்லாம் வெள்ளையா உடுத்திக்கிட்டு நின்னாவ. அவ்வளவு சந்தோசமான மூஞ்சிய நான் அதுக்கு முன்னாலயும் பார்த்ததில்லை, பின்னாலயும் பார்த்ததில்லை. "இது மூன்றாம் முறை"ன்னு சாமியார் வாசிச்சு முடிச்சாரு.

நான் எந்திரிச்சேன். நிசமாவே எந்திரிச்சுட்டேன். பொம்பளைங்க பக்கம் நான் ஒருத்திதான் நிக்கேன். வாயைத் திறந்தேன், சத்தம் வரலை. பக்கத்துல இருந்த தலைவர் சம்சாரம் என் பாவாடையைப் பிடிச்சு இழுத்தாவ.

"என்னட்டி, ஒண்ணுக்கு வருதா?"

சுத்தியிருந்த பொம்பளைங்க சிரிச்சாவ. சாமியாரும் பார்த்துட்டு லேசாச் சிரிச்சாரு. பக்கவாசல்ல இருந்து அப்பா, வெளிய போயிட்டு வான்னு கையைக் காட்டுனாவ. நான் ஆமான்னு தலையாட்டினேன்.

அடி ஆத்தீ, ஒரு தலையாட்டல்தான்! தலைவர் சம்சாரம் என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய், "கோயிலுக்கு வரமுன்னால போயிட்டு வரப்படாதா கழுதை"ன்னு கருவேலஞ்செடிக்குப் பின்னால விட்டுட்டுத் திரும்பி நின்னாவ. நான் உக்கார்ந்தேன். ஒரு சொட்டு வரலை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு எந்திரிச்சேன்.

திரும்பி வரும்போது ஜன்னல்ல அக்கா. தலைவர் சம்சாரம் முன்னால போயிட்டாவ.

"சொன்னியாட்டி?"

"சொன்னேன்"னேன்.

"சாமியார் என்ன சொன்னாரு?"

"பூசை முடிஞ்சு வீட்டுக்கு வாரேன்னாரு."

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. அவ மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இல்லைன்னு சொல்ல என்னால முடியலை. பொய் சொல்லணும்னு நினைச்சுச் சொல்லலை. வாயில தானா வந்துட்டு.

பூசை முடிஞ்சு நான் வீட்டுக்குப் போனா, அக்கா மூஞ்சி கழுவித் தலை வாரி, முக்காலியைத் துடைச்சு நடுவீட்டுல போட்டு வச்சிருந்தா. சாமியார் வந்தா உக்காரதுக்கு. அவ சுவத்துல சாய்ஞ்சு நின்னுக்கிட்டு வாசலையே பார்த்தா. கோயில் பக்கம் மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தம் கேட்டுச்சு. ஒரு உதை, ரெண்டு உதை, மூணாவதுல எடுத்துட்டு. வண்டிச் சத்தம் வண்டிப்பாதையில போயி, பருத்திக்காட்டைத் தாண்டி, தேய்ஞ்சு தேய்ஞ்சு இல்லாமப் போச்சு. அக்கா முக்காலியைத் தூக்கிப் பழைய இடத்துல வச்சுட்டா. என்னை ஒரு வார்த்தை திட்டலை.

செவ்வாய்க்கிழமை சாமியார் கையெழுத்து வாங்க வந்தாரு. நிசமாவே வீட்டுக்குத்தான் வந்தாரு. அந்த முக்காலியிலதான் உக்கார்ந்தாரு. பேனாவைத் திறந்துக்கிட்டு, "யாரும் உன்னை வற்புறுத்தலையே? முழு சம்மதம்தானம்மா?"ன்னு கேட்டாரு. கேக்கணும்னு சட்டம், கேட்டாரு. அப்பா கதவுகிட்ட நின்னாவ. அக்கா என்னையும் பார்க்கலை, அப்பாவையும் பார்க்கலை. சாமியார் மூஞ்சியவே பார்த்தா.

"சம்மதம் சாமி"ன்னா.

நம்ம வயசுக்கு வந்த பிறகுதான் எனக்கு அது உறைச்சுது. அக்கா நான் சொன்னதை நம்பியிருந்தா? சாமியாருக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சும் தெரியாத மாதிரி வந்து கேக்காருன்னு அவ நினைச்சிருந்தா? அப்படி நினைச்சவ வேற என்ன சொல்லுவா? எனக்கு அவகிட்டக் கேக்கத் தைரியம் இல்லை. அவளுக்கு இப்ப எழுபத்தி மூணு வயசாகுது. நல்லாப் பேசுதா, பேரன் பேத்திக்கெல்லாம் மந்திரம் சொல்லித் தாரா. அந்த ஞாயிறைப் பத்தி மட்டும் நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறந்ததில்லை.

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. கிடைக்காரங்க, சம்சாரிங்கன்னு வேதம் பார்க்காம ஊரே வந்துச்சு. அப்பா கயித்தைப் பிடிச்சு மணி அடிச்ச அடியில மாடத்துல இருந்த புறா அத்தனையும் எழும்பிட்டு. மாப்பிள்ளை தலையே நிமிரலை. நகக்கண்ணுல கருப்பு மை போவாம அப்படியே இருந்துச்சு. நல்ல மனுசன்தான், குறை சொல்லமாட்டேன். அவரையும் சேர்த்துத்தான் அன்னைக்குக் கட்டிப் போட்டாவ.

தவசு ரெண்டாவது ஞாயிறு சாமியார் இன்னொரு கடிதத்தை எடுத்தாரு. எங்க பங்கு ரோட்டுப் பங்கோட சேருது, பாஸ்குவுக்கு அப்புறம் இங்கன பூசை கிடையாது. கடைசி வரைக்கும் பிஷப் விசாரணைக்கு வரவும் இல்லை, எங்க கோயிலைப் பார்க்கவும் இல்லை. தலைவர் எந்திரிச்சு, "சாமி, போன மாசந்தான கல்யாணம் நடத்தினோம்! கணக்குல சேர்த்தீங்களா இல்லையா?"ன்னு கத்துனாரு.

சாமியார் முழிச்சாரு. "அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? இது போன தீபாவளிக்கு முன்னாலயே முடிவானது. எனக்கு அப்பவே சொல்லிட்டாங்க. அந்தத் தாளு, புத்தகங்களை அங்க மாத்துறதுக்காகக் கேட்டது. கல்யாண வீட்டுல கெட்ட சேதி எதுக்குன்னுதான் நான் சொல்லாம இருந்தேன்."

கோயிலுக்காகத்தான் இந்தக் கல்யாணம்னு எங்காளுக சாமியார்கிட்டச் சொல்லலை. கோயில் போயாச்சுன்னு சாமியார் எங்காளுககிட்டச் சொல்லலை. ரெண்டு பக்கமும் மரியாதைக்குப் பேசாம இருந்திருக்காவ. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாராவது கேட்டிருந்தா!

பாஸ்கு முடிஞ்ச வாரத்துல பதிவுப் புத்தகங்களைத் தகரப்பெட்டியில வச்சுக் கொண்டுபோனாவ. பீடத்துல இருந்த சுருபத்தை வைக்கோல் போட்டு மாட்டுவண்டியில ஏத்துனாவ. நாலு பேரு சேர்ந்து மணியை எறக்குனாவ. மறுநா கிடைக்காரங்க பொழுது தெரியாம முழிச்சதா சொன்னாவ. வீட்டையும் ஒரு மாசத்துல காலி பண்ணித் தரச் சொல்லிட்டாவ. கோயில்பிள்ளைக்கு விட்ட வீடுதான, கோயில் இல்லைன்னா எதுக்கு? அம்மா பாத்திரத்தை எல்லாம் சாக்குல கட்டி வச்சுட்டா.

அப்பா நாலு நாள் மூணு வேளையும் வெறும் மாடத்துக்குக் கீழ போய் நின்னுட்டு வந்தாவ. அஞ்சாவது நாள் என்னைக் கூட்டிக்கிட்டுக் கயத்தாறுக்குப் பஸ் ஏறுனாவ. "அக்காகிட்ட நேர்ல சொல்லணும்"னு மட்டும் சொன்னாவ.

பஞ்சர் கடைக்குப் பின்னாலதான் வீடு. எங்க பார்த்தாலும் டயரு, ரப்பர் எரியுற வாடை. மாப்பிள்ளை ஒரு லாரிக்கு அடியில கிடந்தாரு, எங்களைப் பார்த்துட்டு உள்ள போகச் சொல்லிக் கையைக் காட்டுனாரு. அக்கா அந்தப் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுத் தேத்தண்ணி போட்டுக்கிட்டு இருந்தா. மெலிஞ்சு போயிருந்தா. அப்பா உக்காராம நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னாவ. கடிதம், புத்தகம், வண்டி, மணி. தீபாவளிக்கு முன்னாலயே முடிவானதுன்னும் சொன்னாவ. மறைக்கலை. வீட்டைக் காலி பண்ணச் சொன்னதை மட்டும் சொல்லலை.

அக்கா அடுப்பை அணைச்சா. முகத்துல கோவமும் இல்லை, அழுகையும் இல்லை. நிசமாவே யோசிச்சுப் பார்த்துத்தான் கேட்டா.

"கோயிலுக்காகத்தானப்பா கட்டிக் கொடுத்தீங்க. இப்ப கோயிலே இல்லைன்னு ஆயிட்டே. அப்ப நான் வீட்டுக்கு வந்துரட்டுமா?"

அப்பா துண்டை வாயில வச்சுக்கிட்டாவ. இடுப்புல இருந்த பிள்ளை அக்கா தாலியைப் பிடிச்சு இழுத்து விளையாடிக்கிட்டு இருந்துச்சு. அக்கா பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கா. கடைசியில நான்தான் சொன்னேன்.

"வீட்டையும் கேட்டுட்டாவக்கா."